கேடிலாக் பேரை யாரு சம்பாதிச்சா, யாரு செலவழிச்சா

1999 மே மாசம் கேடிலாக் கார் பிராண்டோட சொந்தக்காரக் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் பகிரங்கமா ஒரு மன்னிப்பு கேட்டுச்சு. விஷயம் இதுதான்: 1998ல அமெரிக்காவுல அதிகம் வித்த லக்ஸுரி கார் நாங்கதான், போட்டி பிராண்ட் லிங்கனை 222 வண்டில முந்திட்டோம்னு கேடிலாக் சொல்லியிருந்துச்சு, அப்புறம் கணக்கைத் தோண்டிப் பார்த்தா டிசம்பர் மாச விற்பனையில 4,773 வண்டியைக் கூடுதலா காட்டியிருக்காங்க, உண்மையில முதலிடம் லிங்கனுக்குத்தான் போயிருக்கு. பல பத்து வருஷமா யாரும் கிட்டக்கூட வர முடியாம இருந்த பிராண்ட், 222 வண்டி வித்தியாசத்தைக் காப்பாத்த கணக்கைத் திருத்துற நிலைமைக்கு எப்படி வந்துச்சுங்கறதுதான் இந்தக் கட்டுரை.

இதுக்கு வழக்கமா ரெண்டு பதில் சொல்லுவாங்க. ஒண்ணு, ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் வந்து அடிச்சுட்டாங்க. இன்னொண்ணு, பெட்ரோல் விலை ஏறிடுச்சு. ரெண்டுலயும் உண்மை இருக்கு, ஆனா ரெண்டுமே பாதிக்கதைதான்னு நான் நினைக்கிறேன். கேடிலாக் பேரைச் சம்பாதிச்சுக் குடுத்தது ஒர்க்‌ஷாப்ல நின்ன இன்ஜினியருங்க, அதுக்கப்புறம் கம்பெனி தேடியே போகாத சில கஸ்டமருங்க. அந்தப் பேரைச் செலவழிச்சது மேல ஆபீஸ்ல உக்காந்து, பேட்ஜை எதுல ஒட்டினாலும் ஜனங்க வாங்குவாங்கன்னு நினைச்சவங்க. இந்த ரெண்டு தரப்புக்கும் நடந்த இழுபறிதான் இந்த பிராண்டோட 120 வருஷத்துக்கு மேலான வரலாறு.

ஆரம்பமே ஒரு மூடு விழாவுல இருந்துதான். 1902ல ஹென்றி ஃபோர்டு தன்னோட ரெண்டாவது கம்பெனியை விட்டு வெளிய போயிட்டாரு, பணம் போட்டவங்க ஃபேக்டரியை வித்துடலாம்னு முடிவு பண்ணி, இருக்குற மிஷினுக்கெல்லாம் விலை மதிப்பு போட்டுக் குடுங்கன்னு ஹென்றி லேலண்டைக் கூப்பிட்டாங்க. லேலண்டுக்கு அப்பவே வயசு 60ஐ நெருங்கிடுச்சு, வாழ்க்கை முழுக்க துப்பாக்கித் தொழிற்சாலை, அளவுக்கருவி தொழிற்சாலைன்னு வேலை பார்த்தவரு, ஒரு இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு பிசகினாலும் அந்த பார்ட்டைத் தூக்கிப் போட்டுடுவாரு. அவரு மதிப்பு போட வந்தப்ப, கூடவே தான் செஞ்ச ஒரு ஒத்தை சிலிண்டர் இன்ஜினையும் கொண்டு வந்தாரு, அது ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி வேண்டாம்னு சொன்ன இன்ஜின். கம்பெனியை மூடாதீங்க, இதை வச்சு வண்டி செய்யுங்கன்னாரு. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க, 1701ல டெட்ராய்ட் ஊரை உருவாக்கின பிரெஞ்சுக்காரரு அந்துவான் கேடிலாக் பேரை வச்சாங்க. 1903 ஜனவரி நியூயார்க் கண்காட்சியில மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேல ஆர்டர் வந்துச்சு, விலை 750 டாலர். அதாவது ஆரம்பத்துல இது லக்ஸுரி காரே கிடையாது, விலைக்கு ஏத்த நல்ல வண்டி, அவ்வளவுதான்.

பேரு வந்தது 1908ல, அதுவும் அமெரிக்காவுல இல்ல, இங்கிலாந்துல. இதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா பின்னாடி நடந்தது எல்லாத்துக்கும் இதுதான் அளவுகோல். அந்தக் காலத்துல கார்ங்கறது ஒவ்வொண்ணும் தனித்தனியா கையால இழைச்சு செய்யுற சமாச்சாரம், ஒரு வண்டியோட பிஸ்டனை அதே மாடல் இன்னொரு வண்டில போட்டா பொருந்தாது, ஃபிட்டர் உக்காந்து அரத்தை வச்சு ராவி ராவித்தான் உள்ள தள்ளணும். ஐரோப்பாக்காரங்க அதையே பெருமையா வேற சொல்லிக்கிட்டாங்க. லண்டன்ல கேடிலாக் வித்துக்கிட்டிருந்த ஃப்ரெட்ரிக் பென்னட், எங்க வண்டில அந்தப் பிரச்சனையே இல்லன்னு ராயல் ஆட்டோமொபைல் கிளப்கிட்ட சொல்லி, நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாருங்கன்னாரு. கிளப்காரங்க டீலர் ஸ்டாக்ல இருந்து மூணு வண்டியைத் தாங்களே பொறுக்கி எடுத்து ப்ரூக்லேண்ட்ஸ் ரேஸ் டிராக்குக்குக் கொண்டு போய், மூணையும் கடைசி நட்டு வரைக்கும் கழட்டினாங்க, ஒவ்வொரு வண்டிலயும் 721 பார்ட்ஸ். எல்லாத்தையும் ஒரே குவியலா கலந்துட்டாங்க. அதுலயும் 89 பார்ட்டை எடுத்துத் தனியா வச்சுட்டு, அதுக்குப் பதிலா டீலரோட ஸ்பேர் ஸ்டாக்ல இருந்து புதுசு எடுத்துப் போடச் சொன்னாங்க. மெக்கானிக்குங்க கையில ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும்தான், அரம் தொடக்கூடாது. அப்படியே மூணு வண்டியையும் மறுபடி மாட்டி, கலர் கலரா ஒட்டுப்போட்ட மாதிரி நின்ன அந்த வண்டிங்களை ஸ்டார்ட் பண்ணி 500 மைல் டிராக்ல ஓட்டிக் காட்டினாங்க. மூணும் ஓடி முடிச்சுச்சு. கார் தொழில்நுட்ப சாதனைக்கு அந்த கிளப் குடுக்குற டூவர் கோப்பை அந்த வருஷம் கேடிலாக்குக்கு, அமெரிக்கக் கம்பெனி ஒண்ணு அதை வாங்கினது அதுதான் முதல் தடவை. "உலகத்தின் தரம்"ங்கற மாதிரி ஒரு வாசகத்தை கேடிலாக் விளம்பரத்துல போட்டுக்க ஆரம்பிச்சதும் இந்தத் தைரியத்துலதான். அது விளம்பரக்காரன் உக்காந்து யோசிச்ச பெருமை இல்ல, மூணு வண்டியைக் கழட்டிக் காட்டி வாங்கின பெருமை.

1909ல ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) கேடிலாக்கை வாங்கிடுச்சு, ஆனா நடத்துறது லேலண்டும் அவரு பையன் வில்ஃப்ரெட்டும்தான். 1912 மாடல்ல எலக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்துச்சு, சார்லஸ் கெட்டரிங் செஞ்சது. அதுக்கு முன்னாடி வரைக்கும் முன்னால நின்னு கைப்பிடியைச் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும், இன்ஜின் திருப்பி உதைச்சா கை எலும்பு போயிடும், செத்தவங்களே உண்டு. கெட்டரிங் முன்னாடி கல்லாப்பெட்டி மிஷின் செய்யுற கம்பெனியில வேலை பார்த்தவரு, அந்தக் கல்லாவைத் திறக்க சின்ன மோட்டார் போட்டவரு, அதே யோசனையை இங்க கொண்டு வந்தாரு: மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்ல, சில நொடி பலமா சுத்தினா போதும். இதுக்கு ரெண்டாவது டூவர் கோப்பை. கைப்பிடி சுத்த பலமில்லாம கார் ஓட்ட முடியாம இருந்தவங்க, குறிப்பா நிறைய பெண்கள், ஸ்டியரிங்ல உக்காந்தது இதுக்கப்புறம்தான். என்னைக் கேட்டா கேடிலாக் உலகத்துக்குக் குடுத்ததுலயே பெரிய விஷயம் இதுதான், பின்னாடி வந்த 16 சிலிண்டர் வி16 இன்ஜின் எல்லாம் அப்புறம்.

1915 மாடலுக்கு வி8 இன்ஜின், அதாவது எட்டு சிலிண்டரை V வடிவத்துல வச்ச இன்ஜின் வந்துச்சு, நிறைய எண்ணிக்கையில செஞ்சு வித்த முதல் வி8ல அதுவும் ஒண்ணு. ஆரம்பத்துல அதுல சில கோளாறும் இருந்துச்சு, போட்டிக்காரங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க, அதுக்குப் பதிலா 1915 ஜனவரியில ஒரு வாரப் பத்திரிகையில கேடிலாக் ஒரு முழுப்பக்க விளம்பரம் குடுத்துச்சு, அதுல கார் படம் கிடையாது, வண்டி பத்தி ஒரு வார்த்தை கிடையாது, முன்னால போறவனை எல்லாரும் கல்லெறிவாங்கங்கற கருத்துல ஒரு சின்னக் கட்டுரை மட்டும். விளம்பரத் துறையில இன்னைக்கும் அதைப் பாடமா எடுக்குறாங்க.

லேலண்ட் 1917ல சண்டை போட்டுக்கிட்டு வெளிய போனாரு. முதல் உலகப்போருக்கு விமான இன்ஜின் செய்யணும்னு அவரு, ஜிஎம் தலைவர் டியூரண்ட் மாட்டேன்னாரு. போய் புதுசா ஒரு கம்பெனி ஆரம்பிச்சாரு, 1864ல தான் முதல் ஓட்டு போட்ட ஜனாதிபதி பேரையே வச்சாரு: லிங்கன். அது நஷ்டத்துல விழுந்து 1922ல வாங்கினது யாருன்னா ஹென்றி ஃபோர்டு! ஃபோர்டு விட்டுட்டுப்போன கம்பெனியில இருந்து கேடிலாக்கை உண்டாக்கின அதே மனுஷன் கட்டின ரெண்டாவது கம்பெனி ஃபோர்டுகிட்ட போச்சு. 1998ல கேடிலாக்கை முந்தினதும் அந்த லிங்கன்தான். அமெரிக்காவோட ரெண்டு பெரிய லக்ஸுரி பேரும் ஒரே கிழவனோட கைவேலைங்கறது நிறைய பேருக்குத் தெரியாது.

இருபதுகள்ல ஸ்டைல் உள்ள வந்துச்சு. ஹாலிவுட்காரங்களுக்கு ஸ்பெஷல் பாடி கட்டிக்கிட்டிருந்த ஹார்லி ஏர்லைக் கூட்டிட்டு வந்து 1927ல லாசால்னு கொஞ்சம் விலை கம்மியான துணை பிராண்ட் ஒண்ணை டிசைன் பண்ண வச்சாங்க. அப்புறம் 1930 ஜனவரியில 7.4 லிட்டர் வி16, பங்குச்சந்தை விழுந்து மூணு மாசம்கூட ஆகல. பத்து வருஷத்துல மொத்தமே சுமார் 4,000 வண்டிதான் செஞ்சாங்க, அதுலயும் பெரும்பகுதி முதல் வருஷத்துலயே போனது. அப்ப பணக்காரங்க மத்தியில முதல் பேரு கேடிலாக் இல்ல, பேக்கார்டுங்கற போட்டி கம்பெனிதான். பெருமந்தம் ரெண்டு பேரையும் சாய்ச்சுச்சு, கேடிலாக்கை இழுத்து மூடிடலாமான்னு ஜிஎம் மேலிடத்துல பேச்சே வந்துடுச்சு.

இங்கதான் நிக்கலஸ் டிரைஸ்டாட் வர்றாரு, ஜெர்மனியில பிறந்தவரு, மெக்கானிக்கா இருந்து சர்வீஸ் பிரிவு தலைவர் ஆனவரு. ஊர் ஊரா டீலர் சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது அவரு ஒண்ணு கவனிச்சாரு, வண்டியை சர்வீஸுக்கு விட வர்றவங்கள்ல கருப்பின மக்கள் கணிசமா இருக்காங்க, குத்துச்சண்டை வீரர், பாடகர், டாக்டர், வக்கீல்னு. ஆனா அவங்களுக்கு வண்டி விக்கக்கூடாதுங்கறது அப்ப கம்பெனி பாலிசி! அப்ப வண்டி எங்க இருந்து வந்துச்சு? யாராவது வெள்ளைக்காரருக்குக் கை நிறைய காசு குடுத்து, அவரு பேர்ல வாங்கி, அப்புறம் தன்கிட்ட மாத்திக்கிட்டாங்க. அந்தக் காலத்து அமெரிக்காவுல அவங்க நல்ல தெருவுல வீடு வாங்க முடியாது, நல்ல ஹோட்டல்ல தங்க முடியாது, சம்பாத்தியத்தை ஊருக்குத் தெரியுற மாதிரி காட்டுறதுக்கு இருந்த வெகு சில வழில ஒண்ணு கார். டிரைஸ்டாட் நேரா மேலிடக் கூட்டத்துக்குள்ள போய், இவங்களுக்கு நேரடியா வித்தா கம்பெனி பிழைச்சுக்கும், அந்த இடைத்தரகன் வாங்குற காசு ஏன் வெளிய போகணும்னு கேட்டாருன்னு சொல்றாங்க. அவரு கேட்டது நியாயத்துக்காக இல்ல, வியாபாரத்துக்காகத்தான், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா அனுமதி கிடைச்சுச்சு, விற்பனை ஏறுச்சு, 1934ல அவரே கேடிலாக்கோட தலைவர் ஆனாரு, செலவையும் பிடிச்சுக் கட்டி லாபத்துக்குக் கொண்டு வந்தாரு. 1949ல எபோனிங்கற கருப்பின மக்களோட பத்திரிகை, நம்ம ஆளுங்க ஏன் கேடிலாக் வாங்குறாங்கன்னு தலையங்கமே எழுதுச்சு, அது வெட்டி ஆடம்பரம் இல்ல, நாங்களும் எந்த வெள்ளைக்காரனுக்கும் குறைஞ்சவங்க இல்லன்னு சொல்ற ஆயுதம்னு.

அதே நேரத்துல பேக்கார்டு வேற வழில போச்சு. 1935ல ஆயிரம் டாலருக்குள்ள ஒரு வண்டியை பேக்கார்டுங்கற அதே பேர்ல விட்டாங்க. கம்பெனி அன்னைக்குப் பிழைச்சுச்சு, விற்பனை பிச்சுக்கிட்டுப் போச்சு, ஆனா பக்கத்து வீட்டு கிளார்க்கும் பேக்கார்டு வச்சிருந்தா பேங்க் முதலாளி எதுக்கு பேக்கார்டு வாங்கணும்? அவங்க மெல்ல கேடிலாக் பக்கம் நகர்ந்தாங்க, 1956ல டெட்ராய்ட்ல பேக்கார்டு செய்யுறது நின்னே போச்சு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, அந்த 1935ல இருந்து சுமார் 45 வருஷம் கழிச்சு இதே தப்பை இன்னும் மோசமா கேடிலாக் பண்ணப் போகுது.

போருக்கப்புறம் வந்த இருபது வருஷம் பொற்காலம், அதைப் பத்தித்தான் எல்லாரும் எழுதுறாங்க, அதனால நான் சுருக்கமா போயிடுறேன். லாக்ஹீட் பி-38 போர் விமானத்தோட வாலைப் பார்த்து 1948 மாடல்ல பின்னாடி சின்னதா ரெண்டு துடுப்பு, அது வருஷா வருஷம் வளர்ந்து 1959ல ஆள் பாதி உயரத்துக்கு வந்துச்சு. 1955 ஃப்ளீட்வுட் ஒண்ணை எல்விஸ் பிரெஸ்லி பிங்க் கலர் அடிச்சு வச்சிருந்தாரு, இன்னமும் அவரோட கிரேஸ்லேண்ட் வீட்டு மியூசியத்துல நிக்குது. ஆனா துடுப்பைப் பார்த்துட்டு இன்ஜினை மறந்துடக்கூடாது. 1949ல வந்த 5.4 லிட்டர் ஓவர்ஹெட் வால்வ் வி8 அந்தக் காலத்துக்கு உண்மையான சாதனை, பழைய இன்ஜினை விட எடை கம்மி, பவர் அதிகம், பெட்ரோலும் கம்மியா குடிச்சுச்சு. பிரிக்ஸ் கன்னிங்ஹாம்ங்கற அமெரிக்கரு 1950ல ரெண்டு கேடிலாக்கை பிரான்ஸ்ல நடக்குற லெ மான் 24 மணி நேர ரேஸுக்குக் கொண்டு போனாரு, அதுல ஒண்ணு ஷோரூம்ல கிடைக்குற வண்டியில இருந்து பெருசா மாத்தாதது, ரெண்டும் 10வது, 11வது இடத்துல வந்துச்சு. ஐரோப்பாவுல எவனும் அதை எதிர்பார்க்கல.

சறுக்கல் எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு கேட்டா பெட்ரோல் நெருக்கடின்னு சொல்லுவாங்க, நான் அதுக்கு முன்னாடியே போவேன். அறுபதுகள்ல கேடிலாக் வாங்கணும்னா காத்திருக்கணும், தேவையை விடக் கொஞ்சம் கம்மியா செஞ்சாங்க, பழைய வண்டிக்குக்கூட நல்ல விலை கிடைச்சுச்சு. எழுபதுகள்ல ஜிஎம் அந்த வரிசையைப் பார்த்து, ஏன் எல்லாருக்கும் குடுத்துடக்கூடாதுன்னு கணக்கு போட்டுச்சு. 1973ல வருஷத்துக்கு 3 லட்சத்தைத் தாண்டினாங்க, 1978ல சுமார் 3.5 லட்சம். எண்ணிக்கை ஏற ஏற உள்ள இருக்குற பிளாஸ்டிக், சுவிட்ச், கதவு கைப்பிடி எல்லாம் ஜிஎம்மோட விலை கம்மியான பிராண்டுங்களான ப்யூக், ஓல்ட்ஸ்மொபைல்ல இருக்குறதாவே ஆச்சு. பேருங்கறது பேங்க்ல போட்ட டெபாசிட் மாதிரி, எடுக்க எடுக்க உடனே ஒண்ணும் தெரியாது, பாஸ்புக்கைப் பார்க்காத வரைக்கும் பணம் இருக்குன்னே தோணும். 1978 விற்பனை நம்பர் அப்படித்தான் எல்லாரையும் ஏமாத்துச்சு.

அதுக்கப்புறம் இன்ஜின்லயே கை வச்சாங்க. ஒண்ணு, ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் டீசல், டீசலோட அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி சிலிண்டர் ஹெட் போல்ட்டை பலப்படுத்தாம விட்டது, எரிபொருள்ல வர்ற தண்ணியைப் பிரிக்க சரியான ஏற்பாடு இல்லாதது, கேஸ்கெட் போய்ப் போய் நடுரோட்ல நின்னுச்சு. ரெண்டு, 1981ல வந்த வி8-6-4. யோசனை பிரமாதம்: ஹைவேயில ஒரே வேகத்துல போகும்போது எட்டு சிலிண்டரும் எதுக்கு, கம்ப்யூட்டரே முடிவு பண்ணி ஆறாவோ நாலாவோ குறைச்சுக்கட்டும், டேஷ்போர்டுல இப்ப எத்தனை ஓடுதுன்னு நம்பர் காட்டும். இன்னைக்கு இதே டெக்னாலஜி நிறைய கார்ல சத்தமில்லாம வேலை செய்யுது. ஆனா 1981 கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் கிடையாது, மாறும்போது வண்டி உதறும், திக்கும், ஜனங்க சர்வீஸ் சென்டர் வாசல்ல வந்து நின்னாங்க, மெக்கானிக்குங்க கண்டுபிடிச்ச தீர்வு என்னன்னா கட்டிங் பிளேயரை எடுத்து ஒரு ஒயரைக் கட் பண்ணி விடுறது, அதுக்கப்புறம் அது சாதாரண வி8 மாதிரி எட்டு சிலிண்டர்லயும் நிம்மதியா ஓடும். அடியில இருந்த 6 லிட்டர் இன்ஜின் கல்லு மாதிரி, அதுல ஒரு குறையும் இல்ல. 721 பார்ட்டையும் கலந்து போட்டாலும் அரம் தொடாம மாட்டலாம்னு காட்டின கம்பெனியோட வண்டியை, வித்த டீலரே ஒயரை வெட்டித்தான் ஓட வைக்கணும்ங்கறதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலயே வயிறு எரியும். மூணாவது, 1982ல அவசரமா கொண்டு வந்த எச்டி 4100, அலுமினியம் பிளாக், 125 குதிரைசக்தி, அவ்வளவு பெரிய வண்டியை இழுக்க அது பத்தல, கூலண்ட் லீக் வேற.

அப்புறம் சிமரான். 1981ல, 1982 மாடலா வந்தது. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் மாதிரி சின்ன லக்ஸுரி கார் வாங்குற இளவயசுக்காரங்களைப் பிடிக்கணும்னு டீலருங்க அவசரப்படுத்தினாங்க, அதுக்காக ஜிஎம்மோட சாதா பிராண்ட் செவ்ரோலெட்டோட கேவலியர்ங்கற சின்னக் காரை எடுத்து, லெதர் சீட்டும் கேடிலாக் சின்னமும் வச்சு, 12,000 டாலருக்கு மேல விலை போட்டு, 88 குதிரைசக்தி 1.8 லிட்டர் இன்ஜினோட வித்தாங்க. கேவலியர் இதை விட ஆயிரக்கணக்கான டாலர் கம்மி. ஜிஎம் பிரசிடெண்ட் பீட் எஸ்டஸே, இந்த வண்டியைக் கேடிலாக்கா மாத்துற அளவுக்கு உங்களுக்கு நேரம் இல்லன்னு எச்சரிச்சாரு, கேக்கல. இதுல கவனிக்க வேண்டியது, 1975ல இவங்களே செவ்ரோலெட் நோவா அடித்தளத்தை எடுத்து செவில்னு ஒரு வண்டி செஞ்சு ஜெயிச்சிருந்தாங்க. ஆனா அதுல பாடி, சஸ்பென்ஷன், இன்ஜின், சத்தம் வராம தடுக்குற வேலை எல்லாத்தையும் உக்காந்து மாத்தியிருந்தாங்க, லிமோசினை விட்டா கேடிலாக்லயே விலை அதிகமான வண்டியாவும் அதை வித்தாங்க. செவிலோட வெற்றியில இருந்து ஆபீஸ்காரங்க எடுத்துக்கிட்ட பாடம் அடித்தளம் எதுவா இருந்தாலும் பரவாயில்லங்கறது, ஆனா அங்க உண்மையில நடந்தது வேலை. அந்த வேலையை விட்டுட்டு பேட்ஜை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனாங்க.

அடுத்து சைஸ். பெட்ரோல் விலை தொண்ணூறுகள்ல தாறுமாறா ஏறியிருக்கும்னு ஜிஎம் எண்பதுகளோட தொடக்கத்துல கணிச்சு, 1985, 1986ல டிவில், எல்டொராடோ மாதிரி பெரிய கேடிலாக் மாடல் எல்லாத்தையும் சுருக்கிட்டாங்க. வண்டி வரும்போது பெட்ரோல் விலை இறங்கிடுச்சு. 1986 எல்டொராடோ வந்தவுடனே விற்பனை முந்தின வருஷம் இருந்ததுல மூணுல ஒரு பங்குக்கும் கீழ போச்சு. விலை கம்மியான ஜிஎம் வண்டிக்கும் இதுக்கும் தூரத்துல இருந்து வித்தியாசம் தெரியல. லிங்கன் ஒரு டிவி விளம்பரம் எடுத்துச்சு, ஹோட்டல் வாசல்ல வண்டியைக் கொண்டு வந்து நிறுத்துற பையனுக்கும் வெளிய வர்ற ஓனருங்களுக்கும் எது கேடிலாக், எது ப்யூக்னு தெரியாம குழப்பம், ஒருத்தரு மட்டும் தன் லிங்கனைப் பார்த்தவுடனே அடையாளம் சொல்றாரு. அடி சரியான இடத்துல விழுந்துச்சு.

பிராண்டைத் தூக்கி நிறுத்த 1987ல அலாண்டேனு ரெண்டு சீட் கன்வர்ட்டிபிள் விட்டாங்க, பாடியை இத்தாலியில பினின்ஃபரீனா செஞ்சு, டுரின்ல இருந்து போயிங் 747 விமானத்துல டெட்ராய்ட்டுக்கு ஏத்தி அனுப்பி, அங்க இன்ஜினை மாட்டினாங்க. அவ்வளவு செலவு பண்ணியும் ஆரம்பத்துல இருந்த இன்ஜின் பழைய எச்டி குடும்பத்தோடது, சரியான இன்ஜின் அதாவது 4.6 லிட்டர் நார்த்ஸ்டார் வி8 வந்தது 1993ல, அதோட அலாண்டேவை நிறுத்திட்டாங்க. நார்த்ஸ்டார் ஓட்ட அருமையான இன்ஜின், கூலண்ட் முழுசா போயிட்டாகூட சிலிண்டரை மாத்தி மாத்தி நிறுத்தி வீடு வரைக்கும் கொண்டு வந்து விடும், அப்படி யோசிச்சுத்தான் செஞ்சிருந்தாங்க. ஆனா வருஷம் ஆக ஆக அலுமினியம் பிளாக்ல ஹெட் போல்ட்டோட மரை பிடுங்கிக்கிட்டு வந்துச்சு, ரிப்பேர் செலவு பழைய வண்டியோட விலையை விட ஜாஸ்தி ஆயிடுச்சு. இதுக்கு நடுவுல 1989ல டொயோட்டா லெக்ஸஸ் எல்எஸ் 400ஐக் கொண்டு வந்து இறக்கிடுச்சு, அந்த வண்டி ஜெயிச்ச காரணத்தைப் பாருங்க: பார்ட்ஸ் ஒண்ணோட ஒண்ணு பொருந்துற துல்லியம், சத்தமில்லாம ஓடுறது, ரிப்பேர் வராதது. லேலண்ட் பேர் வாங்கின அதே காரணம்தான், வேற ஒருத்தன் கையில. அதனாலதான் ஜப்பான்காரன் அடிச்சுட்டான்னு சொல்றது எனக்கு முழுசா ஒப்பல, அவன் உள்ள வந்த கதவைத் திறந்து வச்சிருந்தது யாருன்னு கேக்கணும்.

1998ல லிங்கன் முந்தினதுக்குக் காரணம் நேவிகேட்டர்ங்கற பெரிய எஸ்யூவி. கேடிலாக்கிட்ட எஸ்யூவியே கிடையாது, டிரக் எல்லாம் நமக்கு எதுக்குன்னு இருந்துட்டாங்க. பதறியடிச்சு ஒரு வருஷத்துக்குள்ள ஜிஎம்மோட இன்னொரு பிராண்ட் ஜிஎம்சியோட யூகான் டெனாலிங்கற எஸ்யூவியை எடுத்து சின்னத்தை மாத்தி எஸ்கலேடுன்னு இறக்கினாங்க. நியாயமா பார்த்தா இது சிமரானை விடப் பச்சையான பேட்ஜ் ஒட்டுற வேலை, ஆனா ஓடுச்சு! ஏன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். சிமரான் வாங்கினவன் எதிர்ல பிஎம்டபிள்யூவை வச்சு ஒப்பிட்டான், எஸ்கலேடுக்கு எதிர்ல அப்படி ஒண்ணு இல்ல, அந்த அடித்தளமே அமெரிக்காக்காரன் உலகத்துலயே நல்லா செய்யுற சமாச்சாரம், பெரிய டிரக், பெரிய வி8. 88 குதிரைசக்தில கேடிலாக்னு எழுதினா பொய், 6 லிட்டர்ல எழுதினா ஜனங்க ஒத்துக்குவாங்க. ரெண்டாவது எஸ்கலேடு 2002 மாடல்ல 345 குதிரைசக்தியோட வந்தப்ப, அதைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டது ராப் பாடகருங்க, கூடைப்பந்து வீரருங்க, பாட்டுலயும் வீடியோவுலயும் எங்க பார்த்தாலும் எஸ்கலேடு. கம்பெனி திட்டம் போட்டு அவங்களைத் தேடிப் போகல, அவங்களா வந்தாங்க. முப்பதுகள்ல விக்கமாட்டோம்னு சொல்லி அப்புறம் வித்துப் பிழைச்ச பிராண்டை, எழுபது வருஷம் கழிச்சு அதே சமூகத்தோட இளைஞருங்க மறுபடி காப்பாத்தியிருக்காங்க, இதுக்கு கேடிலாக் வரலாற்றுல இன்னும் பெரிய இடம் குடுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

எஸ்கலேடு குடுத்த தெம்புல, லாபத்துல, சரியான வேலை ஒண்ணும் நடந்துச்சு. 2003 மாடலா வந்த சிடிஎஸ். புது ரியர் வீல் டிரைவ் அடித்தளம், மத்த ஜிஎம் வண்டியோட பங்கு போடாத முகம், கத்தியால வெட்டின மாதிரி கோடு கோடா டிசைன், ஜெர்மனி நூர்பர்க்ரிங் டிராக்ல கொண்டு போய் ஓட்டி ஓட்டி செட் பண்ணாங்க. 2008ல சிடிஎஸ்ஸோட வேக ரகமான சிடிஎஸ்-வியோட ரெண்டாவது தலைமுறை அந்த டிராக்கை 7 நிமிஷம் 59.32 செகண்டுல சுத்துச்சு, நாலு கதவு செடான் 8 நிமிஷத்துக்குள்ள வந்தது அன்னைக்குப் பெரிய சேதி. இந்த வழில இன்னைக்கு இருக்குறது சிடி5-வி பிளாக்விங், 668 குதிரைசக்தி, சூப்பர்சார்ஜ் பண்ண 6.2 லிட்டர் வி8, மேனுவல் கியரும் கிடைக்கும். பிஎம்டபிள்யூவே எம்5ல மேனுவலை விட்ட பிறகு ஒரு கேடிலாக்ல அது இருக்கு.

ஆனா ஆபீஸ் பழக்கம் போகுமா? 2009ல ஜிஎம் திவால் ஆகி அரசு பணத்துல எழுந்திரிச்சுச்சு, 2014ல வெளிய இருந்து ஒரு புதுத் தலைவரைக் கொண்டு வந்தாங்க, அவரு பிராண்டுக்கு மவுசு வேணும்னா டெட்ராய்ட்ல இருந்தா ஆகாதுன்னு தலைமையகத்தை நியூயார்க் சோஹோவுக்கு மாத்தினாரு, டிசைனும் இன்ஜினியரிங்கும் மிச்சிகன்லயே இருக்க, விளம்பரமும் நிர்வாகமும் மட்டும் நியூயார்க்ல. வண்டிப் பேரெல்லாம் சிடி, எக்ஸ்டின்னு எழுத்தும் நம்பருமா ஆச்சு. எல்டொராடோ, டிவில், செவில்னு அமெரிக்காக்காரன் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற பேரு கையில இருக்கும்போது எக்ஸ்டி5னு பேரு வைக்குறதை என்னால இன்னைக்கு வரைக்கும் புரிஞ்சுக்க முடியல. 2018ல அவரு போயிட்டாரு, தலைமையகமும் மிச்சிகனுக்கே திரும்பிடுச்சு. அந்த வருஷங்கள்ல பிராண்டைத் தாங்கினது சீனா, 2017ல அமெரிக்காவை விட அங்க விற்பனை அதிகம், இப்ப அங்கயும் உள்ளூர் எலக்ட்ரிக் கம்பெனிங்க வெளிநாட்டு பிராண்ட் எல்லாத்தையும் நெருக்குது.

இப்ப நடக்குறது எலக்ட்ரிக் கட்டம். 2022ல லிரிக், அப்புறம் ஆப்டிக், விஸ்டிக், எஸ்கலேடு ஐக்யூ. எலக்ட்ரிக்குக்காக ஒர்க்‌ஷாப்ல முதலீடு பண்ண விருப்பமில்லாத டீலருங்களுக்குக் காசு குடுத்து அனுப்பினாங்க, மூணுல ஒருத்தரு வரைக்கும் வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. எலக்ட்ரிக் வண்டில இன்ஜின் சத்தம், அதிர்வு எதுவும் இல்ல, அமைதியும் மெத்துன்னு போறதும்தான் எல்லாம், அது பழைய கேடிலாக்கோட சொந்த பலம், அதனால எனக்கு இதுல உண்மையான நம்பிக்கை இருக்கு. 2025 செப்டம்பரோட அமெரிக்க அரசு குடுத்த 7,500 டாலர் வரிச்சலுகை நின்னுடுச்சு, இனிமே வண்டி தன் தகுதியிலதான் விக்கணும். இன்னொரு பக்கம் ஃபார்முலா ஒன்ல 2026 சீசனுக்கு 11வது டீமா கேடிலாக்குக்கு இடம் கிடைச்சிருக்கு, ஆரம்பத்துல ஃபெராரிகிட்ட வாங்கின இன்ஜின், சொந்த இன்ஜின் இந்தப் பத்தாண்டு முடியுறப்பன்னு திட்டம்.

நான் உன்னிப்பா பார்க்குறது செலஸ்டிக்ங்கற எலக்ட்ரிக் காரை. அறிமுகத்தப்ப சொன்ன விலையே 3 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு மேல, மிச்சிகன் வாரன்ல இருக்குற ஜிஎம் டெக்னிக்கல் சென்டர் வளாகத்துலயே கையால செய்யுறாங்க, ஒவ்வொரு வண்டியும் வாங்குறவரு கேட்ட மாதிரி. ரொம்ப சில வண்டிதான் வெளிய வரும், அதுல லாபம் பெருசா இருக்காது, லாபமெல்லாம் எஸ்கலேடுல இருந்துதான். ஆனா வேற எந்த ஜிஎம் வண்டியோடயும் பாடியைப் பங்கு போடாம, எண்ணிக்கையைப் பத்திக் கவலைப்படாம கேடிலாக் பேர்ல ஒரு வண்டியை முழுசா செஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு, அந்த ஒர்க்‌ஷாப்ல இருக்குறவங்க கத்துக்கிட்டது எவ்வளவு சீக்கிரம் லிரிக்கோட கதவு கைப்பிடிக்கும் சுவிட்சுக்கும் வந்து சேருதுங்கறதுலதான் மிச்சம் இருக்கு.